பத்தரை மணி நிழல்

நகராட்சியின் கட்டட அளவைப் பிரிவில் வேலை பார்த்த ஒருவரின் மொட்டைமாடிக்கு மேல் பதினாறு மாதமாக ஒரு பயணிகள் விமானம் நின்றுகொண்டிருந்தது. தினமும் காலை பத்து மணிவாக்கில் தென்படும், பதினொன்றுக்குக் கண்ணிலிருந்து மறைந்துவிடும். சத்தம் கிடையாது, புகை கிடையாது. தெருவில் யாரும் அதைப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இஸ்திரிக்காரர் தன் வண்டியை எதிர்வரிசையிலிருந்து இந்தப் பக்கம் நகர்த்தி, இடது இறக்கையின் நிழல் விழும் இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார். மூன்றாம் வீட்டு அம்மா துணிகளை எட்டு மணிக்கே காயப்போட ஆரம்பித்தார், பத்தரைக்கு வால் மறைக்கிறது என்று. விஷயம் தெரியாதவர் ஒரே ஒருவர், அந்த வீட்டுக்காரர்தான். வேலை நாட்களில் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவார். விடுமுறை நாட்களில் அந்த நேரத்துக்கு உள்ளறை ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, கணினியில் விமானம் தேடிக்கொண்டிருப்பார்.

அவரைத் தெருவில் கழுகு என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேராக அல்ல. எவராவது மாடியில் நாலு செங்கல் அடுக்கினால் போதும், கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி மறுவாரம் நோட்டீஸ் வந்துவிடும். அவர் எங்கும் நடந்துபோய்ப் பார்ப்பதில்லை. செயற்கைக்கோள் எடுத்த படத்தையும் நகராட்சி அனுமதித்த வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டடங்களின் நிழலை அளப்பார். படம் எடுத்த நாளும் நேரமும் தெரிந்தால் வெயிலின் சாய்வு தெரியும், சாய்வு தெரிந்தால் நிழலை வைத்து உயரம் சொல்லிவிடலாம். மனிதன் பொய் சொல்வான், நிழல் சொல்லாது என்பார். நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய அறைகளையும் கொடி படரவிட்டு மறைத்த மாடிகளையும் அப்படித்தான் பிடித்தார், இருபது வருடத்தில் மூவாயிரத்துச் சொச்சம். பிரிவின் விதிகளை எழுதிக் கொடுத்ததும் அவரே. வரைபடத்தில் இல்லாமல், நிழல் விழுத்திக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு படங்களில் இடம் மாறாமல் நிற்கும் எதுவும் கட்டுமானம். அதை முப்பது நாளுக்குள் உரிமையாளர் அகற்ற வேண்டும். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவர் அதைத் திரும்பப் பெற முடியாது. இந்தக் கடைசி விதியை அவர் சேர்த்ததற்குக் காரணம் மற்ற அதிகாரிகள் மேல் அவருக்கிருந்த சந்தேகம்.

இப்படிப்பட்டவரிடம் போய், உங்கள் மாடிமேல் ஒன்று நிற்கிறது என்று யார் சொல்வார்கள்? சொன்னால், நீ எந்த மாடியில் நின்று பார்த்தாய், அந்த மாடிக்கு அனுமதி இருக்கிறதா என்று அங்கிருந்து பிடித்துக்கொள்வார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொல்வார்கள். அந்தத் தெரு ஒரு முழு விமானத்தை வெட்டவெளியில் வைத்து மறைத்தது.

சந்தேகம் அவருக்கு அலுவலகத்தோடு முடிகிற சமாச்சாரமில்லை. தபால்காரர் இரண்டு தடவை மணி அடித்தால், ஒன்று நமக்கு, இன்னொன்று யாருக்கு என்று கேட்பார். மனைவி பல்செட்டு செய்கிறவள். முன்னறையில் மாவுக்கட்டு அச்சுகளும் மெழுகும் சின்ன விளக்கும் வைத்துக்கொண்டு ஊரிலுள்ள பல் மருத்துவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தாள். அவள் செய்த பல்லை மாட்டிக்கொண்டு ஆப்பிள் கடித்தவர்கள் உண்டு. ஒவ்வொரு செட்டும் ஒரு டப்பாவில், மருத்துவர் பெயர் எழுதிய சீட்டோடு அலமாரியில் இருக்கும். கழுகு சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் சீட்டுகளைப் படித்துவிடுவார்.

திருமணமான மூன்றாம் வருடம் கடல் தாண்டி ஒரு பெரிய பல் கூடத்திலிருந்து அவளுக்கு வேலை வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். பயணச்சீட்டையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் பாஸ்போர்ட்டைக் காணவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடினார்கள். கழுகும் கூடவே தேடினார், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தார். அதைத் துணி அலமாரியின் பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்ததே அவர்தான். போகிறவள் திரும்பி வரமாட்டாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது, அவ்வளவுதான். அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள், மூன்றாம் நாள் மெழுகை உருக்க விளக்கை ஏற்றினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. இது நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. கழுகுக்கு விமானப் பைத்தியம் பிடித்ததும் அதே வருடம்தான். இரண்டையும் அவர் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை.

இணையத்தில் உலகப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் விமானங்களைத் தேடுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கழுகு அப்படி ஒரு குழுவில் சேர்ந்தார். ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர், பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர், எங்கோ தூரதேசத்து ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் என்று கலவையான கூட்டம். நடுவில் மரம் முளைத்த விமானம், நீச்சல்குளத்தருகே விடுதி அறையாகிவிட்ட விமானம், பாதியாக வெட்டிக் கோழி அடைத்த விமானம் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. செயற்கைக்கோள் ஒரே காட்சியை நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று சாயத்தில் அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. நிற்கும் பொருளில் மூன்றும் கச்சிதமாகப் பொருந்திவிடும். பறக்கும் விமானம் அதற்குள் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், அதன் ஓரத்தில் மூன்று சாயமும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். சாயம் பிரிந்திருந்தால் ஓடுகிறது, பிரியாவிட்டால் நிற்கிறது. குழுவில் இதில் யாருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடைக்காரர் குழுவில் ஒரு படம் போட்டார். நகரத்துக்கு மேலே, நடுவானத்தில் ஒரு விமானம், நிழல் தனியாக விழுகிறது, ஆனால் சாயம் பிரியவில்லை, இது எப்படி என்று கேட்டிருந்தார். கழுகு பெரிதாக்கிப் பார்த்தார். இறக்கைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. உடைந்த மூடிக்குப் பதிலாக அதன்மேல் வைத்த தகரம் வெயிலில் பளிச்சென்று அடித்தது. அந்தத் தகரத்தை வைத்தவர் அவர்தான். நிழலை அளந்தார். விமானத்தின் கதவு, தொட்டியின் தலைக்கு மூன்றடி மேலே வந்தது. அந்தப் படம் எடுத்தபோது மணி பத்தரை, இவர் அதே வீட்டின் உள்ளறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு விடுமுறை நாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

மாடிக்கு ஏறிப் பார்த்திருக்கலாம், பதினேழு படிக்கட்டு. கழுகுக்கு அது தோன்றவில்லை. படம் பொய்யா என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. ரொட்டிக்கடைக்காரர் ஒட்டுவேலை செய்திருப்பார் என்று முதலில் நினைத்து, மூலப் படத்தை இறக்கிப் பார்த்தார், அதிலும் விமானம் இருந்தது. அப்புறம் அவருடைய மூளை அலுவலகத்துப் பக்கம் திரும்பியது. ஆறு மாதத்துக்கு முன் வந்த புதுப் பொறியாளர் இவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பவர். காரணமில்லாமல் சிரிப்பவர்கள்மேல் கழுகுக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. சொந்த வீடு என்றால் விட்டுவிடுவானா என்று பார்க்க வைத்த பொறி இது என்று முடிவு கட்டினார். திங்கட்கிழமை போனதும் முந்தைய படத்தையும் எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் அதே இடம். வரைபடத்தில் இல்லை, நிழல் விழுகிறது, நகரவில்லை. அனுமதியற்ற கூடுதல் தளம் ஒன்று, நீளம் முப்பத்தேழு மீட்டர் என்று எழுதி, முப்பது நாள் கெடு போட்டு, கையெழுத்திட்டார். வீடு மாமனார் வழியில் வந்தது, மனைவி பெயரில் இருந்தது. பியூன் அன்றே கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது அவருக்கு உறுத்தியது.

அந்த வாரமே அலமாரியில் சீட்டில்லாத ஒரு டப்பாவைப் பார்த்தார். உள்ளே ஒரு மேல்செட்டு, ஆண்பிள்ளையின் தாடை அளவு, நடுவில் முறிந்து புதிதாக ஒட்டியிருந்தது. எந்த மருத்துவர் அனுப்பியது என்று கேட்டார். மருத்துவர் இல்லை, தானாக விழுந்தது என்றாள். எங்கிருந்து விழுந்தது என்றதற்கு, மெழுகுக் கத்தியைத் துடைத்துக்கொண்டே மேலேயிருந்து என்று சொன்னாள். பல்செட்டு மேலேயிருந்து விழுமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அறிமுகமில்லாத, பல் போன ஒருவன் தினமும் தன் வீட்டுக்கு வந்து போவதாக அவர் மனசுக்குள் ஒரு முழு ஆளையே உருவாக்கிவிட்டார்.

அந்த ஆளைப் பிடிப்பதற்காகத்தான் பழைய படங்களைப் பின்னோக்கி நகர்த்தினார். ஆள் அகப்படவில்லை. எல்லாப் படத்திலும் விமானம் இருந்தது. போன வருடம் அது மாடிக்கு மேல். அதற்கு முந்தைய வருடம் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கு மேல், இன்னும் கொஞ்சம் உயரத்தில். அதற்கு முன் சந்தை, அதற்கு முன் ஆற்றுப்பாலம். வருடத்துக்கு ஒரு எட்டு வைத்து வந்திருந்தது. ஒன்றிலும் சாயம் பிரியவில்லை. கடைசியில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தில் அது விமான நிலையத்து ஓடுபாதைக்கு மேல், எழும்பிய கோலத்தில் அப்படியே நின்றது. படத்தின் தேதியைப் பார்த்ததும் கழுகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். மனைவி ஏறியிருக்க வேண்டிய விமானம் புறப்பட்ட நாள் அது.

விமான நிலையத்தில் அதைப் புறப்பட்டது என்று பதிந்திருந்தார்கள். போய்ச் சேரவேண்டிய ஊரில் தாமதம் என்று பதிந்திருந்தார்கள். இரண்டும் உண்மை என்பதால் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. பயணிகளின் குடும்பத்தார் முதல் வருடம் சண்டை போட்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

கழுகு மறுநாளே பொறியாளரிடம் ஓடினார், நோட்டீஸை ரத்து செய்ய முடியுமா என்று. இதுவரை யாருக்கும் இரக்கம் காட்டாத மனிதர் திடீரென்று வந்து கெஞ்சினால் யாருக்கும் சந்தேகம் வரும். தன்னைச் சோதிக்கிறார் என்று பொறியாளர் நினைத்துக்கொண்டு, விதியை எழுதியது நீங்கள், அதை நான் எப்படி மீறுவது என்று சிரித்தபடியே அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் கழுகு இஸ்திரி வண்டியருகே நின்றார். அந்தத் தெருவுக்கு வந்த இத்தனை வருடத்தில் அங்கே அவர் நின்றது அதுதான் முதல் தடவை.

"மேல ஒண்ணு நிக்குதாமே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க. நான் குனிஞ்சு வேல செய்யறவன்" என்றார். பிறகு, "வீட்ல அம்மாவக் கேட்டுப் பாருங்க. அவங்கதான் தெனமும் ஜன்னல் தொடைக்கறாங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சட்டையை எடுத்து விரித்தார்.

அன்று மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில் கழுகு துணி அலமாரியை நகர்த்தினார். பாஸ்போர்ட் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் பன்னிரண்டு வருடம் சுவரோரம் கிடந்த பொருளில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பலகையின் மேல் தூசி விரல் கனத்துக்கு இருந்தது, சுவரில் ஒட்டடை இருந்தது. அந்த ஒரு பொருள் மட்டும் நேற்றுத் துடைத்த மாதிரி இருந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேவு பார்த்தே காலம் கழித்தவரை இத்தனை வருடமாக ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பயம் என்றால் என்னவென்று அவருக்கு அன்றுதான் விளங்கியது. அதற்குப் பிறகு இருந்த பத்தொன்பது நாளும் இருவரும் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள், தண்ணீர் மோட்டார் சத்தம் போடுவதைப் பற்றிப் பேசினார்கள். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயெடுப்பார், தினமும் வேறு எதையாவது சொல்லிவிடுவார். அவள் வாங்கிய வேலைகளை ஒவ்வொன்றாக முடித்துக் கொடுத்தாள். புது வேலை வாங்கவில்லை. அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. படிப்பதற்குச் சீட்டு இல்லாமல் போனது அவருக்குத் தாங்கவில்லை.

முப்பதாம் நாள் கழுகு விடுப்புப் போட்டார். பத்து மணிக்குப் பதினேழு படியும் ஏறினார். விமானம் இருந்தது. படத்தில் பார்த்ததைவிட அழுக்காக இருந்தது, வயிற்றுப்பக்கம் வெள்ளைச் சாயம் உரிந்து ஆணிகள் தெரிந்தன. கைக்கு எட்டிய ஜன்னல்கள் மட்டும் பளபளவென்று இருந்தன. உள்ளே பயணிகள் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் வயது கூடியிருக்கவில்லை. ஒரு பெரியவர் இவரைப் பார்த்துச் சிரித்தார், மேல்வரிசைப் பற்கள் நடுவில் ஒட்டுப்போட்டவை என்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். பதினான்காம் வரிசையில் ஜன்னலோர இருக்கை ஒன்று காலியாக இருந்தது. தொட்டியின் மேல் ஏணி சார்த்தியிருந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு பணிப்பெண் ஒருத்தி நின்றாள், காத்திருந்து காத்திருந்து பழகிப்போன முகத்தோடு.

மனைவி படியேறி வந்தாள். கையில் மெழுகுக் கத்தியும் சின்ன விளக்கும் வைத்த பை. "இன்னிக்குத்தான் கடைசி நாள். அகற்றணும்னு எழுதி அனுப்பினது நீங்கதானே" என்றாள். குரலில் குத்தல் இல்லை.

கழுகு சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். "நான்தான் ஒளிச்சு வெச்சேன்" என்றார். பன்னிரண்டு வருடமாகச் சொல்ல முடியாதது மூன்றே வார்த்தையில் முடிந்துவிட்டது.

"தெரியும். ரெண்டாவது வருஷம் வெள்ளையடிக்கறப்பவே கெடச்சுது. நீங்களா எடுத்துக் குடுப்பீங்களான்னு பாத்தேன். வருஷா வருஷம் தொடைச்சு அங்கேயே வெச்சேன்." அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள், அதிலிருந்த சின்ன வயதுப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது காலாவதி ஆயி ரெண்டு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

பணிப்பெண் அதையெல்லாம் கேட்கவில்லை, அவளிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. மனைவி ஏணியில் இரண்டு படி ஏறியபோது கழுகு ஏணியைப் பிடித்துக்கொண்டார், ஆடாமல் இருப்பதற்காக. "திரும்பி வருவியா?" என்று கேட்டார்.

"சந்தேகமா இருக்கா?"

"இருக்கு" என்றார். இந்தத் தடவை அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பாள். "ரெண்டு வருஷ ஒப்பந்தம். பத்தரைக்கு மாடிக்கு வந்து நில்லுங்க. நான் அங்கேருந்து படத்துல பாக்கறேன்" என்றாள். கதவு சாத்தியது. விமானம் அதிகாரபூர்வமான தாமதம் பன்னிரண்டு வருடம், ஒரு மாதம், நான்கு நாளோடு கிளம்பியது. போகும்போது தொட்டியின் மேலிருந்த தகரம் பறந்து மூன்றாம் வீட்டில் விழுந்தது.

நகராட்சிக் கோப்பில், கூடுதல் தளம் உரிமையாளரால் கெடுவுக்குள் அகற்றப்பட்டது என்று எழுதிக் கழுகு கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் கெடுவுக்குள் அகற்றப்பட்ட தளம் அது ஒன்றுதான் என்று பொறியாளர் கூட்டத்தில் பாராட்டினார். இஸ்திரிக்காரர் கொஞ்ச நாள் வெயிலில் நின்று முனகிவிட்டுப் பெரிய குடை ஒன்று வாங்கினார். நான்கு மாதம் கழித்து ரொட்டிக்கடைக்காரர் குழுவில் புதிய படம் போட்டார். கீழே முழுக்கக் கடல், மேலே அதே விமானம். இறக்கை ஓரத்தில் நீலமும் பச்சையும் சிவப்பும் தனித்தனியாகப் பிரிந்திருந்தன. ஓடுகிறது என்று பதிந்துகொண்டார்கள். கழுகு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார், எதையும் அளக்கவில்லை.

இப்போது அவர் தினமும் பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பொறியாளர் அதைக் கள ஆய்வு என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. பத்தரைக்கு மூடியில்லாத தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தலையை நிமிர்த்தி வைத்துக்கொள்வார். தெருவில் யாரும் அதை அலட்டிக்கொள்வதில்லை. மூன்றாம் வீட்டு அம்மா துணி காயப்போட மேலே வந்தால்கூட அவர் திரும்பமாட்டார், முகத்தில் ஈ உட்கார்ந்தால் ஓட்டமாட்டார். அசைந்தால் சாயம் பிரிந்துவிடும், தான் நிற்பது அங்கே அவளுக்குத் தெரியாமல் போய்விடும் என்று.